சந்தேகத்துக்கு எண் இல்லை

என் கணவருக்கு வந்த நோயின் பெயர், அது அவருக்கு வருவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே எனக்குப் பழக்கம். நோயைத் தெரியாது. பெயரையும் அதற்குரிய எண்ணையும்தான் தெரியும்.

நான் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறவள். அமெரிக்காவில் ஒருவர் மருத்துவரிடம் போய்வந்தால், அந்த மருத்துவர் எழுதிய குறிப்புகள் ஆம்பூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கும் கணினிக்கு வந்துவிடும். அதைப் படித்து, அவருக்கு இருக்கும் ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தருவார்கள். கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தவள், மகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு இதில் சேர்ந்தேன். முதலில் வேலூரில் இருந்த அலுவலகத்துக்குக் கம்பெனி வேனில் போய்வந்தேன். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. இப்போது மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் சொல்லும் நோய்க்கு பேரட்ஸ் ஈசோஃபேகஸ் என்று பெயர். வயிற்றோடு இருக்க வேண்டிய அமிலம் வருடக்கணக்காக மேலே ஏறி ஏறி வந்தால், உணவுக்குழாயின் அடிப்பகுதியில் இருக்கும் உள்தோல் அந்தச் சூட்டைத் தாங்க முடியாமல் தன்னையே மாற்றிக்கொண்டுவிடும். உணவுக்குழாயின் தோலாக இருந்தது, குடலின் உள்தோல் போல ஆகிவிடும். எங்கள் பட்டியலில் அது கே22.7 என்று ஆரம்பிக்கும். புள்ளிக்குப் பின்னால் வரும் மற்ற இலக்கங்களில்தான் விஷயமே இருக்கிறது. மாறிய தோலில் செல்கள் ஒழுங்காக இருந்தால் ஓர் எண். ஒழுங்கு கொஞ்சம் கெட்டிருந்தால் வேறு எண். நன்றாகவே கெட்டிருந்தால் இன்னொன்று. அதையும் தாண்டிப்போனால் அந்த அத்தியாயமே முடிந்து, சி என்ற எழுத்தில் தொடங்கும் புற்றுநோய் எண்களுக்குப் போய்விட வேண்டும்.

இதையெல்லாம் நான் காய் நறுக்குவது போலச் செய்துகொண்டிருந்தேன். கையும் கண்ணும் தாமாகப் போகும்.

என் கணவர் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசர். பதனிட்டுக் காய்ந்து வரும் தோலுக்கு நிறம் ஏற்றுவதும், வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டோடு அந்த நிறம் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. நெஞ்சு எரிகிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் துவைக்கப் போடும் ஒவ்வொரு சட்டைப் பையிலும் மென்று தின்னும் புதினா மாத்திரையின் காலி அட்டை இருக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டுச் சட்டையை மெஷினில் போடுவேன். கல்யாணமான நாளிலிருந்து பார்ப்பதால் அது ஒரு நோயின் அடையாளமாக என் கண்ணில் படவே இல்லை. மூக்குக் கண்ணாடி மாதிரி அவரோடு வந்த பொருள் என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கறியோடு பிசைந்த சோற்றை வாயில் போட்டதும் அப்படியே உறைந்துவிட்டார். கண்ணில் நீர் தளும்பியது. மார்பின் நடுவில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக இறங்கியது போலிருக்கிறது. மூச்சு விட்டார்.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கேஸு."

"கேஸுன்னா சோறு நிக்குமா?"

"கறி கெட்டியா இருந்துச்சு. நீ சாப்புடு."

கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். சப்பாத்தியைக் குழம்பில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார். இட்லிக்குக்கூட இரண்டு வாய்க்கு ஒரு முறை தண்ணீர். மருத்துவரிடம் போகலாம் என்று சொன்னால், ஷிப்மெண்ட் இருக்கிறது, ஆடிட் வருகிறது என்று ஏதாவது ஒன்று சொல்வார்.

அவரை அசைத்தது நான் இல்லை, பாய். பாய் அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் அவருக்குப் போன் செய்து, கேண்டீனில் இவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டேன். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"யோவ், தங்கச்சி கேட்டுச்சு, நான் பொய் சொல்ல முடியாது. நீ டிபன்ல பாதி சோத்த பூனைக்குப் போட்டுக்கினு இருக்குற."

"பூனையும் சாப்புடணும்ல."

"தோஸ்த், விளையாடாத. நாளைக்கு லீவ் சொல்லு. சொல்லலைன்னா நானே மேனேஜர் கிட்ட போய் சொல்றேன்."

இப்படித்தான் வேலூருக்குப் போனோம்.

அங்கே எங்களைப் பார்த்த பெண் மருத்துவருக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். நிதானமாகக் கேட்டார். எத்தனை வருடமாக நெஞ்செரிச்சல்? "அது இருக்கும் மேடம், இருவது வருஷம். தோல் ஷெட்ல எல்லாருக்கும் இருக்குது," என்றார் இவர். புகை பிடிப்பாரா? விட்டு வெகு நாளாயிற்று. வீட்டில் யாருக்காவது வயிற்றிலோ உணவுக்குழாயிலோ புற்றுநோய் வந்திருக்கிறதா?

"இல்லீங்க."

எண்டோஸ்கோப்பி செய்தார்கள். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, ஒரு குழாயை உள்ளே விட்டுக் கேமராவில் பார்ப்பது. நான் வெளியே பெஞ்சில் அவருடைய செருப்பையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, மருத்துவர் திரையில் படங்களைக் காட்டினார். மேலே வெளிறிய தோல். கீழே ஓரிடத்தில் நிறம் மாறி, செம்மையாக, அலை ஏறிவந்த கரை போல விளிம்பு வளைந்து வளைந்து இருந்தது.

இவருக்குத் தொண்டை இன்னும் மரத்திருந்தது. குழறலாகச் சொன்னார்: "ரெண்டு ஷேடு இருக்குது மேடம்."

மருத்துவர் சிரித்தார். "ஆமாங்க. அதைத்தான் பாக்குறோம். இந்தச் செவப்பு கீழ வயித்துல மட்டும்தான் இருக்கணும். உங்களுக்கு மேல ஏறி வந்திருக்குது. இதை அளக்குறதுக்கு ஒரு முறை இருக்குது. குழாயைச் சுத்தி முழு வட்டமா எவ்ளோ தூரம் மாறியிருக்குதுன்னு ஒரு அளவு. அதுக்கு மேல நாக்கு மாதிரி நீட்டிக்கினு போன எடம் எதுவரைக்கும்னு இன்னொரு அளவு. உங்களுக்கு வட்டம் ஒரு சென்டிமீட்டர், நாக்கு மூணு. பயாப்சிக்குச் சுத்தி நாலு பக்கமும் துணுக்கு எடுத்திருக்கேன். இதுக்குப் பேரு…"

அவர் சொல்வதற்குள் என் வாய் சொல்லிவிட்டது. மருத்துவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கணவரும் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா, உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில் நான் பார்த்த எத்தனையோ குறிப்புகளில் ஒன்று மட்டும் என்னோடு தங்கிவிட்டிருந்தது. யாரோ ஒரு வயதான விவசாயி. அவருடைய பழைய பரிசோதனைகளின் முடிவுகள் எல்லாம் ஒரே குறிப்பில் வரிசையாக இருந்தன. முதலில் செல்கள் ஒழுங்கு. அடுத்ததில் கொஞ்சம் கெட்டிருக்கிறது. அதற்கடுத்ததில் நிறைய. கடைசியில் சி. நான்கு வரி. ஒரு மனிதனின் பத்துப் பதினைந்து வருடம். அன்றைக்கு அதற்கு எண் போட்டுவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விட்டேன். ஆனால் வேலூரிலிருந்து ஆம்பூர் திரும்பும் பஸ்ஸில் அந்த நான்கு வரியும் பள்ளிகொண்டாவிலிருந்து மாதனூர் வரை கண் முன்னாலேயே வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பயாப்சி முடிவு வந்தது. செல்கள் கெட்டிருக்கின்றன என்றும் சொல்ல முடியவில்லை, கெடவில்லை என்றும் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். மருத்துவர் அதைப் பொறுமையாக விளக்கினார்.

"அமிலம் பட்டுப் பட்டு அந்த எடம் ரணமா இருக்குது. ரணமா இருக்குற எடத்துல நல்ல செல்லும் கோணல் மாணலாத்தான் தெரியும். அதனால இப்ப பாத்து முடிவு பண்ண முடியாது. அதே ஸ்லைடை இன்னொரு நிபுணர் கிட்டயும் காட்டச் சொல்லியிருக்கேன். மாத்திரை தர்றேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. ரணம் ஆறட்டும். சில மாசம் கழிச்சி மறுபடியும் உள்ள பாக்கலாம்."

இரண்டாவது நிபுணரும் அதையேதான் எழுதினார். சொல்ல முடியவில்லை.

எங்கள் எண் பட்டியலில் அந்தச் சொல்லுக்குத் தனி எண் கிடையாது. கெட்டிருக்கிறது என்பதற்கு எண் உண்டு, கெடவில்லை என்பதற்கும் உண்டு. நான் அன்று தேடிப் பார்த்தேன். இல்லை என்று தெரிந்தேதான் தேடினேன்.

அடுத்து வந்த மாதங்களில் நான் என்ன செய்தேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏப்பம் விட்டால் திரும்புவேன். குரல் கொஞ்சம் கம்மினால், காலையில் நன்றாக இருந்ததே என்று யோசிப்பேன். பெல்ட்டை ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டால் இளைத்துவிட்டாரோ என்று பயப்படுவேன். மிளகாயைக் குறைத்தேன், புளியைக் குறைத்தேன், எண்ணெயை அளந்து ஊற்றினேன். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டேன். மகளிடம் போனில் "அப்பா நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

அந்தச் சமயத்தில் வேலையில் ஒரு தவறு செய்தேன். எங்கள் வேலையைச் சரிபார்க்க சென்னையில் ஒரு பெண் இருந்தாள், என்னைவிட மிகவும் இளையவள். ஒரு நாள் காலை அழைத்தாள்.

"மேடம், அந்த ஈசோஃபேகஸ் சார்ட்ல, செல் கெட்டிருக்குதுங்கற எண்ணப் போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"டாக்டர் 'சந்தேகப்படுகிறேன்'னுதான் எழுதியிருக்காங்க மேடம். அவங்களே முடிவு பண்ணல. நீங்க முடிவு பண்ணிட்டீங்க."

வெளிநோயாளிகளின் குறிப்பில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று எழுதியிருப்பவற்றை நோயாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. என்ன உறுதியாகத் தெரிகிறதோ அதற்கு மட்டும்தான் எண். பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த விதி. நானே புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுத் திருத்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகு கீழே இறங்கிப்போய்ச் சமையலறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அடுப்பில் எதுவும் இல்லை.

சண்டை வந்தது அந்த வாரக் கடைசியில்தான். அவர் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லேசாக இருமினார். நான் எழுந்தே விட்டேன்.

"உக்காரு," என்றார். "உக்காருன்னு சொல்றேன்."

உட்கார்ந்தேன்.

"நான் இருமக் கூடாதா? ஏப்பம் விடக் கூடாதா? கம்ப்யூட்டர்ல பாக்குற சார்ட் மாதிரி என்னப் பாக்காத. எனக்குச் சோறு எறங்குது. நீ பாக்குறப்பதான் எறங்க மாட்டேங்குது."

"எனக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டீங்க."

"இன்னா தெரியும் உனக்கு?"

அந்த அமெரிக்க விவசாயியைப் பற்றிச் சொன்னேன். நான்கு வரிகளையும் சொன்னேன். அழுதுவிட்டேன். அவர் தட்டில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு உனக்குத் தெரியுமா?"

நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே மாமனார் போய்விட்டார். உடம்பு சரியில்லாமல் இருந்தார் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

அவர் சொன்னார். அவருடைய அப்பா தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். ஊறிய தோலைத் தனி ஆளாகத் தூக்கிப் போடுவார். ஒரு நாள் சோறு நெஞ்சில் நிற்கிறது என்றார். அவித்த முட்டை நிற்கிறது என்றார். பிறகு சோற்றை விட்டுக் கஞ்சிக்கு வந்தார். யாரோ சொன்னார்கள் என்று தொக்கம் எடுக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். தொண்டைக்குள் சிக்கியதை வாயால் உறிஞ்சி எடுத்துவிடுவதாகச் சொல்லும் ஆள் அவர். ஏதோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினார். அன்று ராத்திரி நம்பிக்கையோடு சோறு பிசைந்து கொடுத்தார்கள். இறங்கவில்லை. கொஞ்ச நாளில் கஞ்சியும் நின்று, கடைசியில் தண்ணீரும் நின்றது.

"யாரும் அது இன்னான்னே சொல்லல. காத்துன்னான் ஒருத்தன். செய்வினைன்னான் ஒருத்தன். எங்கம்மா, தான் போட்ட சாப்பாட்டுலதான் ஏதோ தப்புன்னு கடைசிவரைக்கும் நெனச்சிக்கினு இருந்துச்சு." ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "அந்த டாக்டரம்மா பேரு சொன்னாங்க பாரு. உனக்கு அதக் கேட்டு பயம். எனக்கு நிம்மதியா இருந்துச்சு. பேரு இருக்குது, அளவு இருக்குது, மாத்திரை இருக்குது. எங்கப்பனுக்கு இதுல ஒண்ணு இருந்திருந்தாக்கூட போதும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது.

"வீட்ல யாருக்காவது கேன்சரான்னு டாக்டர் கேட்டாங்களே. இல்லீங்கன்னு சொன்னீங்க."

"கேன்சரான்னு கேட்டாங்க. அது கேன்சர்னு யாரு எனக்குச் சொன்னா?"

என் வேலையின் விதிப்படி பார்த்தால் அவர் சொன்னது சரி. உறுதியாகத் தெரியாததை அவர் சொல்லவில்லை. ஆனாலும் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றேன். சரி என்றார். தட்டில் மிச்சமிருந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார். நான் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

இரண்டாவது பரிசோதனைக்கு முன்னால் மாத்திரையைப் பற்றிக் கேட்க ஒரு முறை போனபோது, அவரே சொன்னார். அப்பாவைப் பற்றி என்னிடம் சொன்னது போலவே, முட்டை, கஞ்சி, தண்ணீர் என்று வரிசையாக. மருத்துவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அது இன்னான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஆனா இதைத் தெரிஞ்சிக்கிறது எனக்கு முக்கியம். நீங்க சொன்ன மாதிரியே எழுதிக்கிறேன். விழுங்க முடியாம எறந்தாரு, காரணம் தெரியல." எழுதிவிட்டு, "கட்டில்ல தலைப்பக்கம் கொஞ்சம் ஒசரமா இருக்கட்டும். தலகாணி அடுக்குனா கழுத்துதான் வலிக்கும். சரிவா இருக்கணும்," என்றார்.

அங்கிருந்து நேராக லாங் பஜாருக்குப் போனோம். தள்ளுவண்டிக்கும் பைக்குக்கும் நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்து, மெத்தையும் ஸ்பாஞ்சும் விற்கிற ஒரு கடையைக் கண்டுபிடித்தோம். கடைக்காரருக்கு நாங்கள் கேட்பது புரியவில்லை.

"சரிவான்னா எப்படிண்ணே? ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மியா?"

"ஆமா. இடுப்புலேர்ந்து ஏறணும்," என்று இவர் கையை வைத்துக் காட்டினார்.

"பிரசவமான பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு பெரிய ஸ்பாஞ்சை எடுத்துப் போட்டார். முதலில் வெட்டியது மிகவும் செங்குத்தாகப் போய்விட்டது. என் கணவர் கடை வாசலிலேயே, போகிற வருகிற எல்லோரும் பார்க்க, அதன்மேல் மல்லாந்து படுத்துப் பார்த்தார். "வழுக்கிக்கினு வந்துடுவேன்பா, இன்னும் கொஞ்சம் எறக்கு," என்றார். திரும்ப வெட்டிய பிறகு மறுபடி படுத்தார். பக்கத்துக் கடைப் பாத்திரக்காரர் வந்து, இது நன்றாக இருக்கிறதே, எனக்கும் ஒன்று வெட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஸ்பாஞ்சை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் லக்கேஜ் என்றார். இவர் மருந்து என்றார். அன்றைக்கு நான் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

பாய் வீட்டில் மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் வந்தது. ஆம்பூரில் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்ப் பிரியாணி சாப்பிடாமல் திரும்புவது என்றால் கல்யாண வீட்டாரோடு சண்டை என்று அர்த்தம். எனக்கு முதல் நாளிலிருந்தே கவலை. ஆனால் பாய் எங்களை ராத்திரி விருந்துக்குக் கூப்பிடவில்லை. மத்தியானம் முதல் பந்திக்கே வரச் சொன்னார். பந்தியில் எங்கள் பக்கத்தில் நின்று, பரிமாறுகிறவரிடம் உருதுவில் ஏதோ சொல்லி, அடியில் இறங்கிய எண்ணெய் படாத மேல் சோறாகப் பார்த்து இவர் தட்டில் கொஞ்சம் வைக்கச் சொன்னார். கறியை அவரே சின்னதாகப் பிய்த்து வைத்தார்.

"கத்திரிக்கா தொக்கு வேணாம் உனக்கு, புளி. தயிர்ப் பச்சடி போட்டுக்கோ. மெதுவா சாப்புடு. யாரும் தட்ட எடுக்க மாட்டான், நான் நிக்கிறேன்."

பெண்ணைப் பெற்றவர், ஆயிரம் வேலை இருக்கிற நாளில், இவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றார். யாராவது வந்து கூப்பிட்டால், வர்றேன் போ என்று அனுப்பிவிட்டார். நான் இவர் தொண்டையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தீர்மானித்து வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. மணப்பெண்ணின் பச்சை நிற உடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன்.

கல்யாண வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு பாயும் தனக்கு நெஞ்செரிச்சல் இருக்கிறது என்று அதே மருத்துவரிடம் போய்க் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை, வெறும் அமிலம்தான். "உனக்கு ஒரே ஷேடுதான்யா," என்று இவர் சொல்ல, பாய் கொஞ்சம் ஏமாந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது எண்டோஸ்கோப்பிக்குப் போன நாள் நல்ல வெயில். மறுபடியும் அதே பெஞ்ச், அதே செருப்பு, கைக்கடிகாரம். இந்த முறை உள்ளே கூப்பிட்டபோது திரையில் தெரிந்த படத்தில் சிவப்பு அதே இடத்தில் இருந்தது. அது திரும்பப் போகாது, மாறியது மாறியதுதான் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் சுற்றிலும் இருந்த ரணம் ஆறியிருந்தது. விளிம்பு தெளிவாக, கோடு போட்ட மாதிரி இருந்தது. அளவும் மாறவில்லை. வட்டம் ஒன்று, நாக்கு மூன்று. மறுபடியும் நாலு பக்கமும் துணுக்குகள் எடுத்தார்கள்.

முடிவு வருவதற்கு இடைப்பட்ட நாட்களில் நான் வேலைக்கு லீவு போடவில்லை. வந்த குறிப்புகளையெல்லாம் படித்து, சந்தேகம் என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம் நின்று, உறுதியாக எழுதியிருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது ஒரு பக்கம் இருந்தது. அதோடு சமையலும் நடந்தது, துணியும் காய்ந்தது.

முடிவை வாங்க இரண்டு பேரும் போனோம். மருத்துவர் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் கடைசி வரிக்கு முதலில் போனேன். மாறிய தோல் இருக்கிறது. செல்களில் ஒழுங்கு கெடவில்லை. இரண்டு நிபுணர்களும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். இவரிடம் தமிழில் சொல்வதற்கு முன் அந்த வரியை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தேன். மருத்துவரே சொன்னார்.

"இந்த வாட்டி தெளிவா இருக்குது. நீங்க பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. ஆனா இது ஆயுசுக்கும் கூட இருக்கும். மாத்திரைய விடக் கூடாது. மூணு வருஷம் கழிச்சி மறுபடியும் பாக்கணும். அதுக்கு நடுவுல சோறு நின்னுச்சுன்னாலோ, எடை கொறஞ்சாலோ ஒடனே வரணும்."

"வர்றேன் மேடம்," என்றார் இவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "எங்கப்பாவுக்கு இப்பிடி யாராவது பாத்துச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார். மருத்துவர் தலையசைத்துவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. இரண்டு பேரும் முழு நாள் லீவு சொல்லியிருந்தோம். கெட்ட செய்தி வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் திட்டம் இருந்தது. நல்ல செய்தி வந்தால் என்ன செய்வது என்று யோசித்திருக்கவில்லை. ரோட்டோரத்தில் நின்று மகளுக்குப் போன் செய்தோம். அவள் முதலில் அழுதாள். பிறகு, இத்தனை மாதமாக ஏன் முழுசாகச் சொல்லவில்லை என்று திட்டினாள். அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே போனை இவரிடம் கொடுத்தேன். இவர் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அமிர்திக்குப் போலாமா?" என்றார்.

"இப்பவா?"

"லீவு வீணாப் போகுது."

வேலூருக்குப் பக்கத்து மலைக்காட்டில், அருவியும் சின்ன மிருகக்காட்சி சாலையும் இருக்கிற இடம் அது. பஸ் பிடித்துப் போனோம். அருவியில் தண்ணீர் பாறையை நனைக்கிற அளவுக்குத்தான் இருந்தது. மான்கள் நிழலில் படுத்திருந்தன. முள்ளம்பன்றிக் கூண்டுக்கு முன்னால் இவர் வெகு நேரம் நின்றார். அது வெளியே வரவே இல்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, வழியில் வாங்கிவந்த தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது, மேலிருந்து ஒரு குரங்கு இறங்கி, அவசரமே இல்லாமல் வந்து, ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாறைமேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது.

"இன்னா தைரியம் பாரு," என்றார் இவர்.

மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். அவருக்குப் போதவில்லை. இன்னும் இருந்தால் சாப்பிட்டிருப்பேன் என்றார். வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மாவிடம் போய், மிளகாய்த் தூள் இல்லாமல் இரண்டு கேட்டேன். பழக்கத்தில் அந்த அம்மா தூளைத் தடவியே கொடுத்துவிட்டார். நான் துடைப்பதற்குள் இவர் ஒன்றைக் கடித்துவிட்டார். நன்றாக மென்று, விழுங்கிவிட்டு, பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தார்.